அறுந்த கம்பியை இணைப்போம்!

தமிழ்நெஞ்சீர்!

“செல்பு எடுக்கவில்லை, டெல்கோவைக் கழற்று, பாயிண்டைத் தேய், கண்டன்சரை மாற்று, காயிலுக்குக் கரண்டு வருகிறதா பார், எர்த்தை இறுக்கு!”

இஃது உந்துவண்டிப் பட்டறை ஒன்றில் என் காதில் விழுந்த கட்டளை. இலக்கணம் கற்பித்தே பழகியவன் ஆதலால், கேட்டவுடன் அதனை உள்ளத்திற் பகுத்துப் பார்த்தேன். எடுத்தல், கழற்றல், தேய்த்தல், மாற்றல், வருதல், பார்த்தல், இறுக்கல் என வினைச்சொற்கள் ஏழு, ஏழும் தமிழ். ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகளும் தமிழ். செல்பு, டெல்கோ, பாயிண்டு, கண்டன்சர், காயில், கரண்டு, எர்த்து எனப் பெயர்ச்சொற்களும் ஏழு, ஏழும் வேற்றுச்சொல்! செய்கின்ற கை தமிழன் கை. செய்பொருளின் பெயர் மட்டும் பிறன் பெயர்.

“இதனால் என்ன கெட்டுவிட்டது? வண்டி ஓடினாற் போதாதா?” என்பார் உளர். படித்தோரிடையே அவர் தொகை மிகுதி. என்ன கெட்டது என்பதை நான் கண்ணாரக் கண்டேன். ஓர் இளைஞனின் உள்ளங்கை வெந்ததைக் கண்டேன். அதனைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

பட்டறையில் மூன்று நாள்

இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் இன்று பழைய மகிழுந்துகளைச் செப்பனிடும் பட்டறை வைத்திருக்கின்றார். யாப்பு அவருக்கு ஏறவில்லை என்று வகுப்பில் அவரை நான் பன்முறை கடிந்ததுண்டு. இன்றோ, பல்லாண்டு துருவேறிக் கிடந்த பொறியும் அவர் கை பட்டால் உயிர்த்தெழுகின்றது. கோடை விடுமுறையில் அவர் அழைப்பை ஏற்று மூன்று நாள் அப்பட்டறையில் அமர்ந்திருந்தேன். அப்போது பணிக்கு வந்திருந்தது ஓர் இசுடாண்டர்டு எரால்டு. அதன் தொடக்க அமைப்பிற்கும் பொறியூட்டு அமைப்பிற்கும் முற்றிலும் புதுக்கம்பி இழுக்க வேண்டும் என்பது உரியவரின் வேண்டுகோள்.

இம்மகிழுந்து நம் மண்ணுக்கு அயலன்று. ஆங்கிலநாட்டில் டிரையம்பு எரால்டு என்னும் பெயரில் 1959-இல் வெளிவந்த வண்டியை, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த தொழிலகத்தில் நம் தொழிலாளர் உருவாக்கினர். அதன் வடிவை வரைந்தவர் மிக்கெலோத்தி என்னும் இத்தாலியர். முகப்பு முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சில்லின்மேல் அமர்ந்தபடியே பொறியில் வேலை செய்யலாம். நான்கு உருளைப் பொறி; தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 948 சி.சி. அத்தொழிலகத்தின் மகிழுந்து ஆக்கம் 1980-களின் இறுதியில் நின்றுபோயிற்று. எனினும் அவ்வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உளர்.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. ஆங்கிலநாட்டு இலூக்காசு குழுமமும் நம் நாட்டு டி.வி.எசு. குழுமமும் கூடி 1961-இல் தொடங்கிய நிறுவனம், சென்னையை அடுத்த பாடியில் தொழிலகம் அமைத்து, உந்துவண்டிகளுக்கான தொடக்கியும் பிற மின்னுறுப்புகளும் செய்து வருகின்றது. அறுபது ஆண்டுகட்கு மேலாகத் தொடக்கியைத் தமிழன் கை செய்கின்றது. ஆனால் அதனைத் தொடக்கி என்று தமிழன் வாய் சொல்வதில்லை! இதைவிட வெட்கம் வேறென்ன?

வண்டிக்கு வருவோம். பழங்கம்பிகளின் மேலுறை தொட்டாலே நொறுங்கியது. எத்தனையோ கைகள் எத்தனையோ இடங்களில் வெட்டி, ஒட்டி, காப்புநாடா சுற்றி வைத்திருந்தன. என் மாணவர் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட ஒருப்படவில்லை. முதலில் மின்கலவடுக்கின் இணைப்பைக் கழற்றினார். பழைய கம்பிக் கற்றையை முழுமையாக வெளியே எடுத்துப் பலகைமேல் விரித்தார். ஒவ்வொரு கம்பியையும் முனை முதல் முனை வரை தொடர்ந்து சென்று, எங்கிருந்து எங்குச் செல்கின்றது எனத் தாளில் வரைந்தார். பிறகே புதுக்கம்பியை அளந்து வெட்டினார்.

அவ்வண்டிகளில் கம்பியின் நிறமே அதன் பெயர். மின்கலவடுக்கிலிருந்து நேரே வரும் கம்பி பழுப்பு. திறவுகோலைத் திருப்பிய பின்னரே உயிர்பெறுவது வெள்ளை. தொடக்கியை ஏவுவது வெள்ளையிற் சிவப்புக்கோடு. தூண்டுசுருளிலிருந்து பகிர்விக்குச் செல்வது வெள்ளையிற் கறுப்புக்கோடு. உடலோடு பிணைவது கறுப்பு. நெய்யும் புழுதியும் படிந்து எல்லா நிறமும் ஒரே சேற்று நிறமாகிவிட்டால், எது எதுவெனத் தெரியாது. பெயர் மறைந்தால் பொருளும் மறையும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

வழி இரண்டு

அவர் எனக்கு விளக்கியதை நான் உங்களுக்கு விளக்குகின்றேன். ஒரு சொல்லேனும் உங்களுக்கு விளங்காமற் போகின்றதா என்று பாருங்கள்.

மின்னுக்கு அங்கே இரண்டு வழிகள் உள. ஒன்று பருவழி, மற்றொன்று நுண்வழி.

பருவழி தொடக்கிக்கு உரியது. மின்கலவடுக்கிலிருந்து விரற்பருமனான கம்பி புறப்பட்டு, வரிச்சுருளால் இயங்கும் ஓர் இணைப்பி வழியாகத் தொடக்கியை அடைகின்றது. தொடக்கி என்பது ஒரு மின்னோடி. அது சுழன்றவுடன் அதன் முனையிலுள்ள சிறு பல்லுருளை முன்னே பாய்ந்து, பொறியின் பின்புறத்துப் பெருஞ்சில்லின் பற்களைக் கவ்விச் சுழற்றும். பொறி தானே ஓடத் தொடங்கியதும் விலகிக்கொள்ளும். அச்சில நொடிகளில் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் அவ்வழியே பாய்கின்றது.

நுண்வழி பொறியூட்டுக்கு உரியது. அதிற் செல்வது மூன்று நான்கு ஆம்பியர் அளவே. திறவுகோலிலிருந்து வெள்ளைக் கம்பி வழியாகத் தூண்டுசுருளின் முதன்மைச்சுருளுக்கு வருகின்றது. அங்கிருந்து பகிர்வியினுள் இருக்கும் தொடுமுனைகளுக்குச் செல்கின்றது. முனைகள் தொட்டிருக்கையில் சுருளிற் காந்தப்புலம் எழுகின்றது. பொறியோடு இணைந்து சுழலும் தண்டின் புடைப்பு அம்முனைகளைப் பிரிக்கின்றது. உடனே காந்தப்புலம் சரிகின்றது. அச்சரிவினால், மெல்லிய கம்பியிற் பல்லாயிரம் சுற்றுச் சுற்றப்பெற்ற துணைச்சுருளிற் பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் பிறக்கின்றது. அதனைப் பகிர்வி ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் வரிசையில் உருளைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. அங்கே பொறி தெறித்து, கன்னெய் ஆவியும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கின்றது.

மணித்துளிக்கு 3000 சுற்றுச் சுழலும் நான்குருளைப் பொறியில் இது நொடிக்கு 100 முறை நிகழ்கின்றது! அத்தொடுமுனைகள் பிரியும் இடைவெளியோ 0.38 மில்லிமீட்டர், ஏறத்தாழக் கைந்நகத்தின் தடிப்பு.

இதற்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை மைக்கேல் பாரடே 1831-இற் கண்டார். மின்தொடக்கியை அமெரிக்கரான சார்லசு கெட்டரிங் ஆக்கினார். அது 1912-ஆம் ஆண்டைய காடிலாக்கு மகிழுந்தில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னெல்லாம் வண்டியின் முகப்பில் வளைகோலை நுழைத்துக் கையாற் சுழற்ற வேண்டும். பொறி திடுமெனப் பின்னுதைத்தால் மணிக்கட்டு முறியும்.

தமிழில் ஒரு நயம் காணுங்கள். தெறிக்கும் தீத்துளியும் பொறி. இயங்கும் கருவியும் பொறி. பொறியின்றிப் பொறி இயங்காது! மதுரை மதில்மேல் நின்ற போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்திக் கூறுகின்றது. வானிற் பறந்த மயிற்பொறியைச் சீவக சிந்தாமணி கூறுகின்றது. இத்தகைய சொல்வளம் உடையவர்கள்தாம் இன்று ‘இஞ்சின்’ என்றும் ‘இக்னிசன்’ என்றும் இரவல் கேட்டு நிற்கின்றோம்.

வெந்த கை

இரண்டாம் நாள் மாலை. பொறியைக் கழற்றித் தூய்மை செய்து மீண்டும் வண்டியில் அமர்த்தியிருந்தனர். பட்டறையிற் பணி பயிலும் இளைஞன் ஒருவன், பத்தொன்பது அகவை, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிற் படித்தவன், சுறுசுறுப்பானவன். அவனிடம், “எர்த்தை இறுக்கிவிட்டாயா?” என்று என் மாணவர் கேட்டார். “இறுக்கிவிட்டேன், அண்ணே” என்றான். திறவுகோல் திருப்பப்பட்டது. தொடக்கி முனகியது, சுழலவில்லை. மீண்டும் திருப்பினர். அதற்குள் கன்னெய்க் கலப்பியருகே புகை கிளம்பிற்று. பட்டறையார் ‘சோக்கு’ என்னும் காற்றடைப்புக் கம்பி பழுக்கக் காய்ந்திருந்தது. அதனை அறியாமல் அவ்விளைஞன் கையாற் பற்றிவிட்டான்.

என் மாணவர் ஓடிச்சென்று மின்கலவடுக்கின் இணைப்பைப் பிடுங்கினார். பையனின் உள்ளங்கையிற் குறுக்காகக் கம்பியின் தழும்பு. மருத்துவரிடம் சென்று வந்தோம். பெருந்தீங்கு இல்லை, எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நிகழ்ந்தது என்ன? பொறி இரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்திருக்கின்றது. ஆகவே அதற்கும் வண்டியுடலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தொடக்கிக்குச் சென்ற மின்னோட்டம் மின்கலவடுக்குக்குத் திரும்பி வர, பொறியையும் உடலையும் பிணைக்கும் பின்னற்பட்டை ஒன்று உண்டு. பையன் மின்கலவடுக்கையும் உடலையும் இணைக்கும் கம்பியை நன்றாக இறுக்கினான்; இந்தப் பட்டையைப் பூட்ட மறந்தான். திரும்ப வழியின்றித் தவித்த மின்னோட்டம், பொறிக்கும் உடலுக்கும் இடையே கிடந்த மெல்லிய காற்றடைப்புக் கம்பியிற் புகுந்தது. பருவழியிற் செல்ல வேண்டியது நுண்கம்பியிற் சென்றால் அது பழுக்காமல் என்செய்யும்?

மறுநாட் காலை, கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றான். அருகில் அமர்த்திக் கேட்டேன்.

“எர்த்து என்றால் என்ன, தம்பி?”

“கறுப்புக் கம்பி, ஐயா.”

“அச்சொல்லுக்குப் பொருள் என்ன?”

“எர்த்து என்றால் எர்த்துதான், ஐயா.”

இதுதான் கேடு! ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மண் என்று பொருள். வண்டியோ இரப்பர்ச் சில்லுகளின்மேல் நிற்கின்றது. அதன் மின்னோட்டம் மண்ணுக்குப் போவதே இல்லை. வண்டியின் உடல் வழியாகவே அது திரும்புகின்றது. அதனை ‘உடல்வழி’ என்று சொல்லிப் பாருங்கள். “ஒவ்வோர் உறுப்புக்கும் உடல்வழி இருக்கின்றதா பார்” என்று கட்டளையிட்டிருந்தால், “பொறி இரப்பரின்மேல் அன்றோ இருக்கின்றது, அதற்கு உடல்வழி எங்கே?” என்று அவன் அறிவு தானே வினவியிருக்கும். பொருளற்ற ஒலி அவன் அறிவைத் தட்டவில்லை. அவன் கை சுட்டதற்கு அவன் மறதி பாதிக் கரணியம். அச்சொல் மறுபாதிக் கரணியம்.

பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே

அத்துடன் விடவில்லை. “மின்தேக்கி என்றால் என்ன?” என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. கடத்தும் தகடுகள் இரண்டு, அவற்றிடையே மின்காப்புப் பொருள், அவற்றில் மின்னூட்டம் தேங்கும் முறை என அனைத்தையும் பிழையின்றி ஒப்பித்தான். வாய்பாடும் சொன்னான்.

“மின்தேக்கியைக் கண்டதுண்டா?”

“இல்லை, ஐயா. பொத்தகத்திற் படம் பார்த்ததுண்டு.”

பக்கத்துத் தட்டில் கட்டைவிரல் அளவுள்ள சிறு தகர உருளை கிடந்தது. எடுத்து அவன் கையில் வைத்தேன். “இது என்ன?”

“கண்டன்சர். பாயிண்டு கருகாமல் இருக்கப் போடுவது.”

“நீ ஒப்பித்த மின்தேக்கி இதுதான், தம்பி.”

அவன் அவ்வுருளையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “இதைத்தானா ஐயா நான் படித்தேன்?” என்றான்.

தமிழ்நெஞ்சீர்! அவ்வொரு வினா என் நெஞ்சைச் சுட்டது. அவன் கையைச் சுட்ட கம்பியினும் மிகுதியாகச் சுட்டது.

தொடுமுனைகள் பிரியும்போது மின்னோட்டம் இடைவெளியைத் தாவிப் பொறி கக்கப் பார்க்கும். மின்தேக்கி அதனைத் தன்பால் ஏற்றுக்கொள்வதால் முனைகள் கருகுவதில்லை. காந்தப்புலமும் விரைந்து சரிகின்றது. மின்தேக்கி பழுதுற்றால் பொறியூட்டு வலுவிழக்கும். இவையெல்லாம் அவன் பள்ளியிற் கற்ற பாடத்தின் நேர்ப்பயன். வரிச்சுருளை அவன் கற்றிருக்கின்றான். பட்டறையில் அது ‘சோலனாய்டு’. மின்காந்தத் தூண்டலைக் கற்றிருக்கின்றான். பட்டறையில் அது வெறுங் ‘காயில்’. பன்னீராண்டு பள்ளியில் ஏற்றிய அறிவெல்லாம் பள்ளி வாயிலிலேயே நின்றுவிட்டது. பட்டறை வாயிலில் அவன் எழுத்தறியாதவனைப் போல மீண்டும் தொடக்கத்திலிருந்து, பொருள் புரியாத ஒலிகளை உருப்போடுகின்றான்.

கம்பி எங்கே அறுந்திருக்கின்றது என்பது இப்போது புரிகின்றதா? தமிழிற் சொல் இல்லை என்பது பொய். சொல் இருக்கின்றது; பாடநூலில் இருக்கின்றது; இளைஞன் நெஞ்சிலும் இருக்கின்றது. பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையிலுள்ள கம்பி அறுந்து கிடக்கின்றது. அறுந்த இடத்தில் ஆங்கிலம் என்னும் காப்புநாடாவைச் சுற்றி வைத்திருக்கின்றோம். நாடா அறுந்ததை மறைக்கும், மின்னைக் கடத்தாது!

அவர்களுக்கு அவை வீட்டுச்சொற்கள்

ஆங்கிலத்தில் இப்பெயர்கள் பெரிய அறிவியல் மறைமொழிகள் என்று மயங்குவோர்க்கு ஒன்று சொல்வேன். ‘பாயிண்டு’ என்றால் முனை. ‘காயில்’ என்றால் சுருள். ‘பிளக்கு’ என்றால் அடைப்பான். ‘எர்த்து’ என்றால் மண். ஆங்கிலச் சிறுவன் அடுக்களையிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த சொற்களே அவை. அவன் பட்டறைக்குள் நுழையும்போது அவன் தாய்மொழியும் உடன் நுழைகின்றது. நம் சிறுவன் நுழையும்போது அவன் தாய்மொழி வாயிலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகின்றது.

செருமானியர் ஆங்கிலேயரைப் பார்த்து எழுதினரா? பொறி தெறிக்கும் அவ்வுறுப்புக்குத் தீமூட்டும் மெழுகுதிரி என்று பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டனர். பிரெஞ்சியரோ மெழுகுதிரி என்றே அழைக்கின்றனர். இதனை என் மாணவரிடம் சொன்னபோது, “அப்படியென்றால் நாம் பொறித்திரி எனலாமே, ஐயா” என்றார். யாப்பு ஏறாதவர் என்று நான் கடிந்த அதே மாணவர்! விளக்கிற்குத் திரி, பொறிக்குப் பொறித்திரி. இதனினும் பொருந்திய சொல்லை எப்புலவர் ஆக்குவார்?

பகிர்வியைப் பட்டறையார் ‘டெல்கோ’ என்பது ஏன் தெரியுமா? கெட்டரிங் 1909-இல் தொடங்கிய நிறுவனம், அமெரிக்காவின் டேட்டன் என்னும் ஊரிலிருந்த டேட்டன் பொறியியல் ஆய்வகக் குழுமம். அதன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்ததே டெல்கோ. அவன் தன் ஊர்ப்பெயரைத் தன் தொழிலுக்கு வைத்தான், அதிற் பெருமையுண்டு. அவன் ஊர்ப்பெயரை நம் பட்டறையின் உறுப்புக்கு நாம் வைத்துக்கொண்டோம். இதில் என்ன பெருமை?

ஆம்பியர், வோல்ட்டு என்பன அறிஞர் பெயர்களின் வழிவந்த அளவைப் பெயர்கள். அவற்றை அறிஞர்க்குச் செய்யும் மதிப்பாக அவ்வாறே வழங்குவோம். மாந்தர் பெயர் வேறு. பொருளின் பெயர் வேறு.

குற்றம் நம்முடையதும் ஆகும்

பிறரைச் சாடுவது எளிது. நம் குற்றத்தையும் ஒப்புவோம். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதன்பின் எத்தனை கலைச்சொற் பட்டியல்கள்! எத்தனை கருத்தரங்குகள்! ஆனால் சொல்லாக்கிய நம்மில் எத்துணைப் பேர் தொடுமுனையைத் தொட்டிருக்கின்றோம்? பொருளைக் காணாமல், ஆங்கிலச் சொல்லை மட்டும் கண்டு, அகராதியைப் புரட்டி ஆக்கிய சொல் தாளிலேயே பிறந்து தாளிலேயே மாண்டது. ‘எர்த்து’ என்பதை மண்ணிணைப்பு என்று பெயர்த்துவிட்டு நிறைவடைந்திருப்பேன் நானும். அப்பையனின் கை வெந்த பிறகுதானே அஃது உடல்வழி என்பது எனக்கும் விளங்கிற்று!

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கர் சாமுவேல் பிசுக் கிரீன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளியின் அருகே நின்று கற்பித்தமையால் அவருக்குச் சொல் தேவைப்பட்டது. தேவைப்பட்டமையாற் சொல் பிறந்தது. நாம் பட்டறையின் அருகே நிற்கவில்லை.

பட்டறையிலோ தமிழ் முற்றும் அழிந்துவிடவில்லை. திருப்புளி இருக்கின்றது. குறடு இருக்கின்றது. உப்புத்தாள் இருக்கின்றது. ஈயப்பற்று இருக்கின்றது. மரையும் சுரையும் அச்சும் ஆணியும் இருக்கின்றன. இவற்றை எந்தப் புலவரும் ஆக்கிக் கொடுக்கவில்லை. உழைப்பவன் நாவிலேயே வாழ்ந்து வருகின்றன. அந்நாவோடு நம் ஏட்டை இணைத்தாற் போதும்.

இரண்டு தடைகளுக்கு விடை

“கடையிற்போய் மின்தேக்கி வேண்டும் என்றால் தருவானா?” என்பர். முதல்நாள் தரமாட்டான். இரு பெயரையும் சொல்லுங்கள், மறுமுறை புரிந்துகொள்வான். பேருந்து என்னும் சொல்லைக் கேட்டு நகைத்தோர் எத்துணைப் பேர்! இன்று பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டால் காட்டாதார் யார்? வழங்க வழங்கவே சொல் வாழும்.

“மின்னூர்திகள் வந்துவிட்டன, தொடக்கியும் பொறியூட்டும் மறையப் போகின்றன, இனி எதற்கு இத்துன்பம்?” என்பர். இப்போதுதான் மிகத் தேவை! ஓசூர், கிருட்டிணகிரிப் பக்கங்களில் மின்வண்டித் தொழிலகங்கள் எழுந்துள்ளன. மின்மகிழுந்துகளிற் பல நூறு வோல்ட்டு மின்னழுத்தம் உள்ளது. அவ்வுயரழுத்தத்துக்கு உடல்வழி கிடையாது, போக்குக்கும் வரவுக்கும் தனித்தனிக் கம்பி, செம்மஞ்சள் உறை. பன்னிரண்டு வோல்ட்டுப் பழைய வண்டியில் ‘எர்த்து என்றால் எர்த்துதான்’ என்றவன் கை வெந்தது. பல நூறு வோல்ட்டில் அவ்வாறு சொல்பவன் உயிரே போகும். அவ்வண்டிகளின் உறுப்புகளுக்கேனும் அவை பழகும் முன்பே பொருள் விளங்கும் பெயர் சூட்டுவோம். எரால்டு வந்தபோது செய்யத் தவறியதை இப்போதேனும் செய்வோம்.

செய்ய வேண்டுவன

இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு பட்டறைக்குச் செல்லுங்கள். அறிவுரை கூறச் செல்லாதீர், கற்கச் செல்லுங்கள். உறுப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது செய்யும் தொழிலைக் கேளுங்கள். பின்னர்ப் பெயரைப் பேசுங்கள். பட்டறைச் சுவரில் தொங்கவிட உறுப்புப் படம் ஒன்று வரைந்து, தமிழ்ப்பெயரைப் பெரிதாகவும் வழக்குப்பெயரைச் சிறிதாகவும் எழுதிக் கொடுங்கள். அறிவியல் ஆசிரியர்கள் பழைய தூண்டுசுருளையும் மின்தேக்கியையும் வாங்கிவந்து வகுப்பில் மாணவர் கையிற் கொடுங்கள். தமிழாசிரியர்கள் பட்டறைத் தொழிலாளரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள்.

மூன்றாம் நாள் மாலை என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கின்றேன். புதுக்கற்றையின் ஒவ்வொரு முனையிலும் சிறு துணிச்சீட்டுக் கட்டினோம். கை கட்டுண்டிருந்ததால் அப்பையன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: தொடக்கி, தூண்டுசுருள், பகிர்வி, தொடுமுனை, மின்தேக்கி, பொறித்திரி. பொறிக்கும் உடலுக்கும் இடையிலான பின்னற்பட்டையில் மட்டும் அவனே இடக்கையால் கோணல்மாணலாக எழுதிக் கட்டினான்: “உடல்வழி. மறக்காதே.”

பட்டையை இறுக்கினர். திறவுகோலைத் திருப்பினர். தொடக்கி ஒரே மூச்சிற் சுழன்றது, பொறி பற்றிக்கொண்டது, பல்லாண்டு ஊமையாய்க் கிடந்த வண்டி உரத்துப் பேசிற்று.

ஊமையாய்க் கிடப்பது வண்டி மட்டுமன்று, தமிழ்நெஞ்சீர்! பட்டறைதோறும் தமிழ் ஊமையாய்க் கிடக்கின்றது. ஆற்றல் குன்றவில்லை; மின்கலம் வற்றவில்லை; கம்பிதான் அறுந்திருக்கின்றது. வம்மின்! முனை தேடி இணைப்போம்! பொறி எழுக! வெல்க தமிழ்!